பொறுக்க வேண்டிய வலி எது?

பெங்களூரில் அல்சூரை ஒட்டி மர்பி டவுன் என்றொரு பகுதி உள்ளது. முன்பு நாக்ஸ்பேட்டை என வழங்கப்பட்ட அவ்விடம், கன்டோன்மென்ட் பகுதியின் பொறியாளராக இருந்த மர்பி என்பவரின் பெயரைப் பின்னாளில் பெற்றது. பட்டாளத்தையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. இன்று அருகிலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆயினும் உள்தெருக்களில் ஒருவர் வீட்டுச் செய்தி மறுநாள் காலைக்குள் பத்து வீடுகளுக்குத் தெரிந்துவிடும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படி ஒரு செய்தி எனக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் வாராந்தர கீதை வகுப்புக்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவருக்குப் பெருங்குடலில் கட்டி. வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்கு அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் வலி நீக்கும் சிகிச்சை மட்டும் வேண்டாம் என்கிறார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் நாற்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மகள் வீட்டில் இருக்கிறார். பேச்சு குறைவு, படிப்பு அதிகம். படித்ததை அப்படியே வாழ்ந்து பார்க்க வேண்டும் என்னும் பிடிவாதமும் உண்டு. அவருடைய மகள்தான் என்னை அழைத்தாள். “மாமா, மயக்க மருந்து டாக்டர் அம்மா வந்து அரை மணி நேரம் பேசினார். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தினால் நாலு நாளைக்கு வலி தெரியாதாம். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார்” என்றாள்.

நான் சென்றபோது அவர் கட்டிலில் அமர்ந்து விவேகசூடாமணியைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடாமலேயே, “தம்பி, எதற்கு வந்தீர்கள் என்று தெரியும். ஒன்று கேட்கிறேன். வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்று ஐம்பது வருஷமாகப் படித்திருக்கிறேன். இப்போது பரீட்சை வந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் நான் படித்ததற்கு என்ன அர்த்தம்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய பிடிவாதத்தை முதியவரின் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. ஆன்மிக நூல்களைப் பொருட்படுத்திப் படிக்கும் எவருக்கும் இக்கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். நீக்கக்கூடிய வலியை நீக்காமல் தாங்குவதில் புண்ணியம் உண்டா? நீக்கிக்கொள்வது சாதகனுக்கு இழுக்கா?

முதலில், அந்த மருத்துவர் அவருக்கு அளிக்க முன்வந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். எபிடியூரல் எனப்படும் இம்முறையில் நோயாளி தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து அமர்கிறார். நடுமுதுகில், இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே, அவ்விடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு ஊசியைச் செலுத்துகிறார்கள். எலும்புகளை இணைக்கும் உறுதியான நார்களை ஊசி கடந்ததும், அதுவரை இருந்த எதிர்ப்பு சட்டென்று அகல்கிறது. அந்த மாற்றத்தை மருத்துவரின் கட்டைவிரல் உணர்ந்துகொள்கிறது. அங்கே, தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெளியே, ஒரு மெல்லிய இடைவெளி உள்ளது. அதனுள் நூல் போன்ற குழாயை விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுகிறார்கள். அறுவை முடிந்த பின்னும் இரண்டு, மூன்று, நான்கு நாட்கள் வரை ஒரு சிறிய இயந்திரம் அக்குழாய் வழியே மணிக்குச் சில மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்தி, நரம்பின் வேரிலேயே தடுக்கப்படுகிறது.

இம்முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஸ்பெயின் நாட்டு ராணுவ அறுவை மருத்துவர் ஃபிடல் பாஜேஸ் 1921இல் இதை எழுதி வெளியிட்டார். 1923இல் ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார்; ஸ்பானிய மொழியில் இருந்த அவருடைய கட்டுரையை வெளியுலகம் கவனிக்கவில்லை. ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து இத்தாலியில் டாலியோட்டி என்பவர் தனியாக இதைக் கண்டடைந்தார். ஊசியோடு நின்றுவிடாமல் குழாயையும் உள்ளே விட்டுத் தொடர்ந்து மருந்து கொடுக்கலாம் என்று 1947இல் ஹவானா நகரில் மார்ட்டினேஸ் கூர்பேலோ செய்து காட்டினார். இன்று பிரசவ வலிக்கும் இதே முறை பயன்படுவது வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும்.

இனிப் பெரியவரின் வாதத்துக்கு வருவோம். வலி அவருடைய வினைக்கணக்கு, அதை அவரே தீர்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் காரணம். இதற்கு விடை அவருடைய நிலையிலேயே இருந்தது. கட்டியும் வினையால் வந்ததுதானே? அதை வெட்டி எடுக்கச் சம்மதித்தாயிற்று. வெட்டும் நேரத்தில் முழு மயக்கத்தில் இருக்கவும் சம்மதித்தாயிற்று. வயிற்றைத் திறக்கும்போது வலி தெரியக் கூடாது, தைத்து மூடிய பிறகு மட்டும் தெரிய வேண்டும் என்று வினைக்கு ஒரு கால அட்டவணை போட்டுக்கொடுப்பது யார்? பிராரப்தம் கட்டியாக வரும் என்றால், அது மருத்துவராகவும் வரலாம். முதுகில் செருகும் குழாயாகவும் வரலாம். இதை நான் சொன்னபோது அவர் சிரித்தார். “அது சரி. அதை நானும் யோசித்தேன். அது பெரிய வாதம் இல்லை, விடுங்கள்” என்றார். கடைசல் வேலை பார்த்தவர் அல்லவா. தேய்ந்த உளியைச் சட்டென்று கழற்றி வைத்துவிடுவார்.

அவருடைய உண்மையான வாதம் அவர் கையிலிருந்த புத்தகத்தில் இருந்தது. சாதகனுக்கு வேண்டிய ஆறு செல்வங்களுள் ஒன்று திதிக்ஷை. விவேகசூடாமணி அதற்கு இலக்கணம் கூறும்போது, எல்லாத் துன்பங்களையும் பரிகாரம் தேடாமல், கவலையும் புலம்பலும் இன்றித் தாங்குதல் என்கிறது. ‘பரிகாரம் தேடாமல்’ என்னும் சொல்லை அவர் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். உரையாசிரியர்கள் எவ்வளவு வளைத்தாலும் அச்சொல் அங்கே இருக்கத்தான் செய்கிறது. அதை இல்லையென்று மறைத்துவிட்டு மேலே செல்லக் கூடாது.

ஆனால் அதே ஆசாரியருடையதாகப் போற்றப்படும் சாதன பஞ்சகத்தில் வேறொரு செய்தி இருக்கிறது. பசியை ஒரு நோயாக எண்ணி, பிட்சையாகக் கிடைக்கும் உணவை மருந்தாக நாள்தோறும் உட்கொள்ளும்படி துறவிக்கு அதில் உபதேசம் செய்யப்படுகிறது. பசி துன்பம், உணவு பரிகாரம். பரிகாரமே கூடாது என்றால் துறவி முதல் நாளே உணவை நிறுத்தியிருக்க வேண்டும். ஆகவே தடுக்கப்படுவது பரிகாரம் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. பரிகாரத்தைத் தேடி அலையும் மனமே தடுக்கப்படுகிறது. வெயிலுக்கு ஒரு நிழல், குளிருக்கு ஒரு போர்வை, இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று வாழ்நாள் முழுவதும் வசதிகளைத் துரத்திக்கொண்டிருப்பவனுக்கு ஆத்ம விசாரத்துக்கு நேரம் எங்கே? அந்த ஓட்டத்தைத்தான் நூல் நிறுத்தச் சொல்கிறது. கண்ணெதிரே மருத்துவர் நீட்டும் மருந்தைத் தட்டிவிடச் சொல்லவில்லை. என் விளக்கம் தவறாகவும் இருக்கலாம். கற்றறிந்தோர் திருத்தினால் ஏற்பேன்.

கீதையின் 17ஆம் அத்தியாயம் இவ்விஷயத்தில் இன்னும் கண்டிப்பானது. மூடப் பிடிவாதத்தால் தன்னைத் தானே வருத்திக்கொண்டு செய்யும் தவத்தைப் பகவான் தாமசம் என்ற வகையில் சேர்க்கிறார். உடலை வதைப்பவர்கள் உடலுக்குள் உறையும் தம்மையும் வதைப்பதாக அங்கே கூறுகிறார். நம் வகுப்பில் இப்பகுதியை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஆனால் அது நமக்குச் சொல்லப்பட்டது என்று நாம் எண்ணுவதில்லை. முள்படுக்கையில் கிடக்கும் யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டு கடந்து போகிறோம்.

தமிழ் மரபில் இதற்கு நேரான சாட்சி ஒன்று உண்டு. அதுவும் வயிற்று வலியைப் பற்றியது. சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயருடன் சிறந்திருந்த மருள்நீக்கியாரைச் சூலை நோய் பற்றியது. மந்திரமும் மயிற்பீலியும் பயன்படாமல் போகவே, இரவோடு இரவாகத் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் வந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தமக்கையார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாடிய முதல் பதிகமே, குடலை முடக்கும் இவ்வலியைத் தாங்க முடியவில்லை, நீக்கியருள வேண்டும் என்னும் முறையீடு. அப்பர் என்றும் நாவுக்கரசர் என்றும் நாம் வணங்கும் அப்பெருமான், பின்னாளில் சுண்ணாம்புக் காளவாயிலும் கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டபோதும் கலங்காதவர் என்று அதே புராணம் பேசுகிறது. அவர் வலியைக் கண்டு அஞ்சியவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் சூலை வந்தபோது ‘இது என் தவம்’ என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை, அலறினார், நீக்கச் சொன்னார். நீங்கிற்று. அந்த அலறலைத் தமிழுலகம் இன்றும் கோயில்களில் பாடிக்கொண்டிருக்கிறது.

அந்த வலிதானே அவரைச் சிவனிடம் சேர்த்தது என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. வலி மனிதனை உலுக்கித் திருப்பக்கூடியது. நோயில் விழுந்து எழுந்த பிறகு வாழ்க்கையே மாறிப்போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் கதையைக் கவனியுங்கள். அழைக்கும் வேலையை வலி செய்தது. அழைப்புக்கு அவர் செவிசாய்த்த பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. உடம்பிலும் அப்படித்தான். கட்டி இருக்கிறது என்று அறிவிக்க எழும் வலி வாயிற்கதவின் மணி போன்றது. கதவைத் திறந்து, வந்தவரை உள்ளே அழைத்து, நாற்காலியும் போட்டாயிற்று. பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அதை நிறுத்துவதுதானே முறை?

அதிலும் அறுத்துத் தைத்த வயிற்றின் வலி, நிற்காத மணியை விடத் தீங்கானது. ஆழ்ந்து மூச்சு இழுத்தால் தையல் இழுபடுகிறது. ஆகவே நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். இருமினால் உயிர் போவது போல் வலிக்கிறது. ஆகவே சளியை வெளியேற்றாமல் அடக்குகிறார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது, சளி தேங்குகிறது, நிமோனியா வருகிறது. அசைந்தால் வலிக்கும் என்று படுத்தே கிடந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையலாம். வலியின் பதற்றத்தில் இதயம் வேகமாக அடிக்கிறது. மனம் ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்று உறுதி பூண்டாலும் உடம்பு அந்த உறுதியில் சேர்வதில்லை. அது தன் போக்கில் பதறிக்கொண்டிருக்கிறது.

இதை உலகுக்கு அழுத்தமாகக் காட்டியவர்களுள் இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் ஒருவர். பச்சிளங்குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே பல சிசுக்களுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சை செய்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு முறையாக வலிநீக்கி கொடுத்தால், உடம்பில் பொங்கும் பதற்றச் சுரப்புகள் குறைகின்றன, அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் காட்டினார்கள். சொல்ல வாயற்ற அந்தச் சிசுக்களுக்காக யாரோ ‘பொறுத்துக்கொள்ளும்’ என்று முடிவு செய்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, எபிடியூரல் போட்டால் உயிர் பிழைப்பது உறுதி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. 2000இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 141 ஆய்வுகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, முதுகுவழி மயக்கமுறைகளால் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதாகக் கூறியது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரிக் என்பவரும் குழுவினரும் ஆபத்து மிகுந்த நோயாளிகள் 915 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு வெளிவந்தது. எபிடியூரல் பெற்றவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. மூச்சுத் திணறிப்போகும் நிலை மற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கும், இவர்களில் 23 சதவீதம் பேருக்கும் வந்தது. ஆனால் 30 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. தீங்குகளும் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் தடைபடலாம், அரிப்பு வரலாம், குழாய் விலகிப்போகலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் பலருக்கு இது ஆகாது. பிரிட்டனில் 2009இல் வெளியான பெரிய கணக்கெடுப்பின்படி, அறுவை சிகிச்சையை ஒட்டிப் போடப்படும் எபிடியூரலால் நிலையான பாதிப்பு அடைவோர் லட்சத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 17 பேர். சிறு துளைகள் வழியே செய்யும் அறுவைக்கு இப்போது பெரும்பாலும் வேறு எளிய வழிகளையே நாடுகிறார்கள். வயிற்றை அகலத் திறக்கும் அறுவைக்குத்தான் இது இன்னும் முக்கியமாகக் கருதப்படுகிறது.

நம் கேள்வி உண்மையில் கூர்மை பெறுவது இவ்விடத்தில்தான். வலி நீக்கம் உயிரைக் காப்பாற்றும் என்றால் வாதமே இல்லை. உடம்பைப் பேணுவது கடமை என்று முடித்துவிடலாம். ஒருவேளை அது ஆயுளை ஒரு நாளும் கூட்டாது என்றால்? அப்போதும் அதைக் கொடுக்க வேண்டுமா? வேண்டும் என்பதே என் துணிபு. தாகத்தில் தவிப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது, இதனால் இவன் ஆயுள் எத்தனை நாள் நீளும் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. வலியில் இருப்பவனின் வலி நீங்குவது வேறொரு பயனுக்கு வழி என்பதால் மட்டும் நல்லதாகிவிடவில்லை, அதுவே நல்லது. மருத்துவர்கள் தங்கள் ஆய்வுகளில் மூச்சையும் மரணத்தையும் எண்ணுவது அவர்கள் தொழிலுக்குத் தேவை. நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிற சமயத்தாரும் இக்கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள். 1847இல் எடின்பரோவில் சிம்ப்சன் பிரசவ வலிக்குக் குளோரோபார்ம் கொடுத்தபோது, பெண் வேதனையோடு பெற வேண்டும் என்ற பைபிள் வாக்கைச் சொல்லி ஆட்சேபம் எழக்கூடும் என்று எண்ணி, அதே நூலில் ஆதாமின் விலாவை எடுக்குமுன் இறைவன் அவனை ஆழ்ந்து உறங்கச் செய்ததை எடுத்துக்காட்டி அவர் பதில் எழுதினார். (எதிர்ப்பு உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள்.) 1957இல் மயக்கவியல் மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்த போப் பன்னிரண்டாம் பயஸ், வலியை ஏற்றுத் தாங்குவது உயர்ந்ததாயினும் அது எவர்மீதும் சுமத்தப்பட்ட கடமை அன்று, நீக்கிக்கொள்வது குற்றமும் அன்று என்னும் கருத்தில் பேசினார்.

சுமத்துதல் என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். திருக்குறளில் தவம் என்ற அதிகாரத்தின் முதற்குறள், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே தவத்தின் வடிவம் என்கிறது. தன் துன்பம், பிறர் துன்பம் அன்று. பிறருடைய வலியை நாம் ‘பொறுத்துக்கொள்வது’ தவம் ஆகாது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நம் நாட்டில் பொது வார்டில் முனகும் ஏழைப் பெண்ணிடம் “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவது எவ்வளவு சாதாரணமாகிவிட்டது! பொறுமையின் பெருமையை நாம் மிகுதியாக எடுத்துரைப்பது வசதியற்றவர்களிடம்தான்.

சட்டமும் அறியாமல் இதைச் செய்திருக்கிறது. போதைப்பொருளைத் தடுக்க 1985இல் வந்த சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே நிறுத்தின. அபினி விளையும் இந்த நாட்டில், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் வீழ்ந்தது. புற்றுநோயாளிகள் கதறிக்கொண்டே இறந்தார்கள். கேரளத்தைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் முதலானோரின் நீண்ட முயற்சிக்குப் பிறகு 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. யாரும் கொடுமை செய்ய நினைக்கவில்லை. இருந்தும் கொடுமை நடந்தது.

அப்படியானால் மகான்கள் தாங்கினார்களே? பகவான் ரமணரின் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு 1949இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையை அகற்றிவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆனால் அன்பர்களும் மருத்துவர்களும் மாறிமாறிச் செய்த சிகிச்சைகளை அவர் தடுக்கவும் இல்லை. 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நீங்கும் வரை வந்தவர்களுக்குத் தரிசனம் கொடுத்தார். வலி உடம்பில் இருந்தது. அவர் அதில் இல்லை. அந்த நிலை அவருக்குச் சாதனையால் வருவித்துக்கொள்ள வேண்டிய பரீட்சை அன்று, இயல்பு. இயல்பாக உள்ளவரைப் பார்த்து, இயல்பாக இல்லாத நாம் மருந்தை மறுத்தால், அவருடைய நிலை நமக்கு வந்துவிடாது. வலி மட்டுமே வரும்.

இவ்வளவையும் நான் அன்று பெரியவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது ஐயம். அவர் மனத்தை மாற்றியது வேறொன்று. மார்ஃபின் போன்ற மருந்து அறிவை மயக்கும், நாமம் சொல்ல விடாது என்பது அவர் வெளியில் சொல்லாத அச்சம். மயக்கவியல் மருத்துவர் மறுநாள் வந்தபோது அதையே கேட்டார். “ஐயா, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மருந்தின் பெரும்பகுதி நரம்பு வேரிலேயே வேலை செய்யும். அதனால் மற்ற மருந்து குறைவாகப் போதும். அனேகமாக நீங்கள் தெளிவாகவே இருப்பீர்கள்” என்றார் அந்த அம்மையார். பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, போடுங்கள்” என்றார். தர்க்கத்தால் நான் செய்ய முடியாததை அந்த இரண்டு வாக்கியங்கள் செய்தன!

அறுவை நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் மாலையே அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர் 1990களில் தொடங்கி வைத்த மாற்றம் இது. முன்பெல்லாம் வயிற்று அறுவை என்றால் மூக்கில் குழாய், நாட்கணக்கில் பட்டினி, அசையாத படுக்கை. எபிடியூரலால் வலியைத் தணித்து, சீக்கிரமே உணவு கொடுத்து, சீக்கிரமே நடக்கவும் வைத்தால் என்ன என்று அவர் கேட்டார். பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 60 பேரைப் பற்றி 2000இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையில், பாதிப்பேர் இரண்டே நாட்களில் வீடு திரும்பியிருந்தார்கள். உலகமே இப்போது ஏறக்குறைய அந்த வழியில் செல்கிறது. வலி தணிந்ததால் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்த பெரியவருக்கு, தணிந்த வலியோடு எழுந்து நடக்கச் சொன்னது வியப்பு. “படுத்திருப்பதைவிட இதுதான் கஷ்டம், தம்பி” என்றார்.

இரண்டாம் நாள் இரவில் குழாய் விலகிவிட்டது. ஒரு பக்கம் மரத்திருக்க, மறுபக்கம் முழுவதும் வலி எழுந்தது. பணியிலிருந்த மருத்துவர் வேறொரு அவசரத்தில் இருந்தார். வந்து சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி, வீடு திரும்பிய பிறகு, திண்ணையில் அமர்ந்து அவர் எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

“வேண்டாம் என்று சொன்ன வலி அது. சரி, வந்தது வந்துவிட்டது, இப்போதாவது ஜபம் செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன். இரண்டாவது நாமத்துக்கு மேல் போகவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் குறட்டை விட்டான். அவன்மேல் அப்படி ஒரு கோபம். என் மகள் தண்ணீர் கொடுத்தாள், அவளையும் திட்டினேன். ஐம்பது வருஷப் படிப்பில் ஒன்றுகூட அங்கே இல்லை, தம்பி. நான் சாதகனாகவும் இல்லை, அப்பாவாகவும் இல்லை. வெறும் வலியாக இருந்தேன். டாக்டர் வந்து மருந்தைச் சரிசெய்து அரை மணி கழித்துத்தான் நாமம் வந்தது. அதற்கு அப்புறம் விடியும்வரை நிற்கவில்லை.”

பிறகு சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வலி இருந்தால் அவனுக்கு இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். வலியே எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டது.”

அவருக்கு அப்படி நேர்ந்தது என்பதால் எல்லோருக்கும் அப்படியே நேரும் என்று நான் சொல்லவில்லை. கடும் வலியிலும் நாமத்தை விடாதவர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவர் சொன்னதில் இருந்த நேர்மையை எந்த உரைநூலிலும் நான் கண்டதில்லை. தன்னைப் பற்றித் தான் கொண்டிருந்த ஓர் எண்ணம் உடைந்ததை மறைக்காமல் சொன்னாரே, அந்த உடைவையும் அவர் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்; அதற்கு எபிடியூரல் கிடையாது. விவேகசூடாமணியில் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அதே வரியில் கவலையும் புலம்பலும் இன்றி என்று வரும் இடத்தில் புதிதாக இன்னொரு கோடும் இருப்பதை அண்மையில் பார்த்தேன்.

சென்ற மாதம் அதே தெருவில் ஓர் அம்மாளுக்குக் கர்ப்பப்பை அறுவை என்று முடிவாயிற்று. பயந்துபோய்ப் பெரியவரிடம் வந்தார். அவர் ஒன்றும் உபதேசிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்து வந்தார். அதை வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொண்டு, முன்னால் சற்றுக் குனிந்து, எப்படி இரும வேண்டும் என்று இருமிக் காட்டினார். “வெட்கப்படாதே அம்மா. வலித்தால் உடனே நர்ஸைக் கூப்பிடு. மறுபடியும் கூப்பிடு” என்று சொல்லி, தலையணையை அவர் கையில் கொடுத்து, “இப்போது நீ செய்து காட்டு” என்றார்.